மாலை ஆராதனையும் ஒரே பாயும்

திருச்சபையில் வாலிபரைக் காணோமே என்று மூத்தோர் வருந்துகின்றனர். திருச்சபையில் எங்களுக்கு இடமேது என்று வாலிபர் முணுமுணுக்கின்றனர். இவ்விரு குரல்களையும் சபைக் கூட்டந்தோறும் கேட்டு வருகிறோம். கேட்டபின் யாது செய்தோம்? வாலிபர் ஞாயிறு என்று ஆண்டில் ஒரு நாளைக் குறித்து, அன்றைக்கு வேதபாடம் வாசிக்கும் பணியை ஒரு வாலிபனிடம் ஒப்புவித்து, மறுவாரமே பழைய வழிக்குத் திரும்பினோம். இதனினும் சிறிது துணிவான முயற்சி வேண்டும் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். ஞாயிறுதோறும் அந்தி நேரத்தில், வாலிபரும் புதியோரும் கூச்சமின்றி வந்து அமரத்தக்க எளிய ஆராதனை ஒன்றை நம் தஞ்சை நாட்டுச் சபைகள் தொடங்கிப் பார்க்கவேண்டும். அதனை எங்ஙனம் தொடங்குவது, அதில் எதற்கு அஞ்சுவது, எதற்கு அஞ்சாதிருப்பது என்பவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றேன்.

தொடங்கிப் பார்ப்போம் என்று யான் சொன்னபோது, ‘தேவாலயத்தில் சோதனையா?’ என்று ஒரு பெரியவர் கேட்டார். தமிழ் பயில்வோர்க்கு இக்கேள்வி சுவை தருவது. சோதனை என்னுஞ் சொல்லை ஆய்ந்து பார்த்தல் என்ற பொருளிற் பள்ளிக்கூடம் வழங்குகிறது. தீமைக்கு இழுக்குந் தூண்டுதல் என்ற பொருளில் வேதாகமம் வழங்குகிறது. பெரியவர் அஞ்சியது பின்னதை. யான் கருதியதோ நம் உழவர் செய்யும் வேலையை. நடவு நடும் உழவர் விதைநெல் முழுவதையும் பெருவயலில் இறைத்துவிடுவதில்லை. ஒரு மூலையில் நாற்றங்கால் விட்டு, முளைப்பின் தன்மையை அங்கே கண்டு, பின்னரே நாற்றைப் பறித்து வயலில் நடுகின்றனர். நாற்றங்கால் வயலுக்குப் பகையன்று. மாலை ஆராதனையும் காலை ஆராதனைக்குப் பகையாகாது.

மாலை எதற்கு, காலை போதாதா என்று வினவுவோர்க்கு என் அநுபவம் ஒன்றைச் சொல்லுகிறேன். சென்ற ஆண்டு விடுதியில் என்னோடு தங்கியிருந்த நண்பர் ஒருவர், கிறிஸ்தவரல்லர், எங்கள் பாட்டைக் கேட்க விரும்பி ஒரு ஞாயிறு காலை என்னோடு ஆலயத்துக்கு வந்தார். அவ்வாலயத்தின் பெயர் ஈண்டு வேண்டா. யான் பாடகர் குழுவில் நின்றமையால் அவர் தனியே ஒரு பெஞ்சில் அமர்ந்தார். அஃது ஒரு குடும்பத்தார் வழக்கமாக அமரும் இடமாம். எழுந்து வேறிடம் போகச் சொன்னார்கள். ஒருவர் ஜெபப் புத்தகத்தைக் கையிற் கொடுத்தார். எந்தப் பக்கத்தைத் திறப்பது என்று சொல்வாரில்லை. மற்றவர் எழுந்தபோது அவர் அமர்ந்திருந்தார். மற்றவர் முழங்காற்படியிட்டபோது அவர் நின்றுகொண்டிருந்தார். காணிக்கைப் பை வந்தபோது செய்வதறியாது அடுத்தவர் முகத்தை நோக்கினார். திரும்பி வரும் வழியில், ‘பாட்டு மிக நன்றாக இருந்தது, ஆனால் அழையாத கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்தவன் போல இருந்தேன்’ என்றார். மறுமுறை அவரை அழைக்க எனக்கு நா எழவில்லை.

அன்று ஆலயத்தில் இருந்தோருள் ஒருவரும் அவருக்குத் தீங்கு நினைத்தவரல்லர். நம் காலை ஆராதனை, அதனை அறிந்தோர்க்காக அறிந்தோர் நடத்துவது. அதன் ஒழுங்கும் அழகும் அவ்வறிவினின்றும் பிறப்பன. சிறுவயது முதல் அதிற் பழகிய எனக்கு அதன் ஒவ்வொரு வரியும் தாய்வீடு போன்றது. அதனை மாற்றுமாறு யான் கேட்கவில்லை. ஆயினும் தாய்வீட்டுக்குத் திண்ணை ஒன்று வேண்டாவா? வழிப்போக்கன் உள்ளே வருமுன் சற்று அமர்ந்து இளைப்பாறுதற்கும், வீட்டார் இன்னார் என்று அறிதற்கும் நம் முன்னோர் திண்ணை வைத்துக் கட்டினர். ஆலயத்துக்குத் திண்ணையாக அமைவதே யான் வேண்டும் மாலைக் கூட்டம்.

இந்நாட்டின் தொழிலும் மாலையையே நமக்குக் காட்டுகிறது. மேட்டூர் அணை ஜூன் 12-ஆம் நாள் திறக்கப்படுதல் மரபு. தண்ணீர் வந்துவிட்டால் குறுவை நடவு, சம்பா நாற்று, தாளடி, தை மாதத்து அறுவடை என்று வேலை ஒன்றன்பின் ஒன்றாக வரும். நாற்று ஞாயிறு என்று காத்திராது. விடியுமுன் வயலில் இறங்கும் பெண்கள் பிற்பகலிற் கரையேறுவர். காலை எட்டு மணி ஆராதனை அவர்க்கு எட்டாதது. கடைகளிற் பணிபுரியும் இளைஞரும், இரவு முறை முடித்து வரும் மருத்துவமனைச் செவிலியரும், அண்மைக் காலத்தில் வடநாட்டினின்றும் நடவுக்கு வரும் தொழிலாளரும் அத்தகையோரே. இவர்களுக்கெல்லாம் ஓய்வு கிட்டுவது விளக்கேற்றும் வேளையில். அவ்வேளையிலோ நம் ஆலயங்களிற் பலவும் பூட்டிக் கிடக்கின்றன.

கூடியிருந்து பாட்டும் கதையுங் கேட்பதற்கு அந்தியைத் தேர்ந்துகொண்டவர் காவிரிக்கரை மக்கள். ஆகஸ்டு 29-ஆம் நாள் முதல் செப்டம்பர் 8-ஆம் நாள் வரை வேளாங்கண்ணியில் நிகழும் திருவிழாவைக் காணுங்கள். மாலை வேளையிற் கடற்கரை மணலில் அமர்ந்திருக்குங் கூட்டத்தில் எல்லாச் சமயத்தாரும் உளர். நீ யார், ஏன் வந்தாய் என்று அவர்களை வினவுவாரில்லை. ஒரு மெழுகுவத்தியை ஏற்றி வைக்கச் சிறு பிள்ளைக்குந் தெரியும். புதியவனுக்குச் செய்வதற்கு எளிய செயல் ஒன்றும், அமர்வதற்கு ஓரிடமும் அங்கே இருக்கின்றன. சீர்திருத்தச் சபையாராகிய நாம் அவ்விழாவின் கொள்கையோடு முற்றும் உடன்படாதிருக்கலாம். அதன் விருந்தோம்பலினின்றும் பாடங் கற்பதற்குத் தடையில்லை.

வேதாகமத்தைப் புரட்டினால் அந்தியும் இரவுமே புதியோர்க்கு உகந்த நேரமாகக் காணப்படுகின்றன. நிக்கொதேமு இரவில் வந்து தன் ஐயங்களைக் கேட்டான்; பகலில் வா என்று ஆண்டவர் அவனைத் திருப்பியனுப்பவில்லை. எம்மாவூருக்குச் சென்ற சீஷர் இருவர், உடன் வந்தவரை இன்னாரென்று அறியாமலே, பொழுது சாய்ந்தபோது தங்கும்படி வருந்தி அழைத்தனர்; அப்பத்தைப் பிட்டபோதுதான் அறிந்தனர். இவற்றினும் என் உள்ளத்தைக் கவர்ந்தது துரோவாவில் நிகழ்ந்தது. வாரத்தின் முதல் நாளில், விளக்குகள் பல எரிந்த மேல்வீட்டில், பவுல் நள்ளிரவு வரைக்கும் பேசிக்கொண்டிருந்தார். ஐத்திகு என்னும் வாலிபன் சன்னலில் உட்கார்ந்து கேட்டு, தூக்க மயக்கத்தால் மூன்றாம் மாடியினின்றும் விழுந்தான். வாலிபர்க்குக் கிடைக்கும் இடம் சன்னலோரந்தான் என்பதும், பிரசங்கம் நீண்டால் அவ்விடத்தினின்றும் அவர் வெளியே விழுவர் என்பதும் அன்றே தெரிந்த செய்தி போலும்! ஆனால் அப்போஸ்தலர் அவனைக் கண்டிக்கவில்லை. இறங்கிச் சென்று அணைத்துக்கொண்டார். பின்பு மேலேறி, அப்பம் பிட்டுப் புசித்து, விடியுமளவும் சம்பாஷித்தார். பிரசங்கம் சம்பாஷணையாக மாறிய இவ்விடத்தைக் கவனியுங்கள்.

இனி, இத்தகைய கூட்டம் நம் சபைக்குப் புதிதோ என்று வரலாற்றைக் கேட்போம். 1670-ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்துப் பிராங்க்பர்ட்டு நகரிற் குருவாக இருந்த பிலிப்பு யாக்கோபு ஸ்பெனர் என்பவர் தம் வீட்டிலே சிறு கூட்டங்களைத் தொடங்கினார். குருமாரும் பொதுமக்களும் ஒருங்கிருந்து வேதத்தைப் படித்து, தத்தம் கருத்தை உரைத்தனர். சபையின் ஒழுங்கு கெடும் என்று அன்றும் ஆட்சேபித்தோர் பலர். ஆனால் அக்கூட்டங்களினின்றும் எழுந்த பக்தி இயக்கமே ஹாலே நகரில் பிராங்கே என்னும் பெரியாரின் நிலையங்களாக வளர்ந்தது. அங்கே பயின்ற சீகன்பால்கு என்னும் இளைஞர் 1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். ஆகவே நம் நாட்டுச் சீர்திருத்தச் சபையின் கொள்ளுப்பாட்டி ஒரு வீட்டுக் கூட்டம். அம்மரபிற் பிறந்த நாம் வீட்டுக் கூட்டத்தைக் கண்டு வெருவுதல் பொருந்துமோ?

தஞ்சையின் கதை இதனினும் அணித்து. 1774-ஆம் ஆண்டில் திருநெல்வேலியிற் பிறந்து, சிறுவனாக ஸ்வார்ட்ஸ் ஐயரால் தஞ்சைக்கு அழைத்துவரப்பட்டு, 1864-ஆம் ஆண்டில் இவ்வூரிலேயே மறைந்தவர் வேதநாயகம் சாஸ்திரியார். சரபோஜி மன்னரும் அவரும் ஸ்வார்ட்ஸ் ஐயரின் அரவணைப்பில் வளர்ந்தவர்கள். அக்காலத்துச் சபையிற் பாடப்பட்டவை பெரும்பாலும் பப்ரிசியு ஐயர் முதலியோர் ஜெர்மன் மொழியினின்றும் பெயர்த்த ஞானப்பாட்டுகள். மெட்டும் அந்நாட்டு மெட்டே. அவற்றைச் சாஸ்திரியார் இகழவில்லை. ஆயினும் ஆலயத்துக்கு வெளியே மராட்டியர் தஞ்சையிற் கதாகாலட்சேபமும், குறவஞ்சியும், கும்மியும், நொண்டி நாடகமும் மக்களைத் தெருவில் நிறுத்தி வைத்திருந்தமையை அவர் கண்டார். மக்கள் விரும்பிக் கேட்கும் அவ்வடிவங்களிலேயே சுவிசேஷத்தைப் பாடலானார். பெத்லகேம் குறவஞ்சி அங்ஙனம் பிறந்தது. கதாகாலட்சேபத்தை அவரும் அவர்க்குப்பின் அவர் வழித்தோன்றல்களுந் தலைமுறை தலைமுறையாக நடத்தி வந்தனர். பாடுவோரும் கேட்போரும் அருகருகே அமர்ந்து, கதையும் பாட்டும் விளக்கமும் மாறி மாறி வர, இசைக்கு வந்தோர் பொருளுக்காகத் தங்கும் அக்கூட்டம், இன்று நாம் புதிது என்று தயங்கும் மாலை ஆராதனையே அன்றோ?

அவர் முயற்சி அன்று எல்லாராலும் ஏற்கப்படவில்லை. அவர் காலத்துப் புதிய மிஷனெரிமாருட் சிலர் தமிழிசையும் மலர் அலங்காரமும் அஞ்ஞான வழக்கின் எச்சம் என்று கருதித் தடுத்தனர். சாஸ்திரியார் அத்தடையைக் கொடுமை என்று எழுத்தில் எதிர்த்தார். காலம் யாருக்குத் தீர்ப்பளித்தது? 1853-ஆம் ஆண்டில் மதுரை அமெரிக்க மிஷனைச் சார்ந்த எட்வர்டு வெப் ஐயர் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். சாஸ்திரியாரின் பாடல்கள் அத்தொகுப்பின் உயிர்நாடியாயின. இன்று கீர்த்தனையின்றிக் காலை ஆராதனை இல்லை. புதிய பாட்டு வேண்டுமென்று வாலிபர் கேட்கும்போது, கீர்த்தனையே நம் பரம்பரைச் சொத்து என்று மூத்தோர் அதனைக் காக்க எழுகின்றனர். காக்கட்டும், ஆனால் அச்சொத்து முன்னொரு நாள் வாயிலுக்கு வெளியே நின்ற புதுமை என்பதை மறவாதிருக்கட்டும். பழையன கழிவதும் புதியன புகுவதும் மொழிக்குக் குற்றமாகாதென்று நன்னூலார் கண்டார். சபைக்கு மட்டும் அது குற்றமாகுமோ?

கட்டுரையை இவ்விடத்தில் முடித்துவிட்டால் எல்லார்க்கும் இனிதாயிருக்கும். ஆனால் சாஸ்திரியாரின் சரித்திரம் இவ்விடத்தில் முடியவில்லை. அதன் எஞ்சிய பகுதியே நமக்கு வேண்டிய பாடம். அவர் கொடுமை என்று எழுதியவற்றுள் இசைத் தடை ஒன்று. சாதி வேற்றுமையின்றி எல்லாரும் கலந்திருக்கவேண்டும் என்ற கட்டளை மற்றொன்று. அக்காலத்துத் தஞ்சைச் சபையில் வேளாளர் ஒரு பக்கமும் ஒடுக்கப்பட்ட குலத்தார் வேறு பக்கமும் அமர்ந்தனர். அம்முறையைச் சாஸ்திரியார் காத்து நின்றார்.

1826-ஆம் ஆண்டு மார்ச்சு 26-ஆம் நாள், உயிர்த்தெழுந்த திருநாளன்று, கல்கத்தா அத்தியட்சர் ஹீபர் தஞ்சையில் இருந்தார். அன்று மாலை நடந்த தமிழ் ஆராதனையிற் கலந்துகொண்டு, ஆசீர்வாதத்தைத் தமிழிலேயே கூறினார். அந்நிய நாட்டு அத்தியட்சர் ஒருவர் நம் மொழியிற் கூறிய அவ்வாசீர்வாதத்தைத் தஞ்சையார் நெடுங்காலம் நினைவிற் போற்றினர். எட்டு நாட்கள் கழித்துத் திருச்சிராப்பள்ளியில் அவர் காலமானார். அவர் சாதி வழக்கத்தை விசாரித்து மென்மையாகத் தீர்க்க எண்ணியிருந்தார். அவருக்குப்பின் வந்த அத்தியட்சர் தானியேல் வில்சன் 1833-ஆம் ஆண்டில் சாதி வேற்றுமை சபையில் அறவே ஒழிக என்று கட்டளையிட்டார். தஞ்சையில் வேளாளக் கிறிஸ்தவர் பலர், ஒருங்கிருப்பதினும் விலகிப் போவதே நலம் என்று, சபையைவிட்டு வெளியேறினர். மாலையில் ஒரே மொழியில் ஒரே ஆசீர்வாதத்தைப் பெற்றவர்கள் ஒரே பாயில் அமர இசையவில்லை!

இதனாற் சாஸ்திரியாரின் புலமை எனக்குச் சிறுமைப்படவில்லை. அவர் பாடல்களைக் கேட்டே யான் தமிழ் பயில வந்தேன். ஆயினும் பாட்டு மட்டும் ஆலயத்தைத் திறந்துவிடாது என்பதற்கு அவரினும் பெரிய சான்று வேண்டுவதில்லை. பாட்டிற் புதுமை செய்த அவர், அமரும் இடத்திற் புதுமை செய்ய ஒருப்படவில்லை. நாமும் கித்தாரும் கைதட்டலும் கொணர்ந்து, ஒலிபெருக்கி வைத்து, அதற்கு மாலை ஆராதனை என்று பெயரிட்டு, அமரும் இடத்தைப் பழையபடியே விட்டுவிடுவோமாயின், அவர் பிழையை மட்டும் எடுத்துக்கொண்டு அவர் புலமையைக் கைவிட்டவராவோம்.

என் பாட்டியார் தம் இளமையிற் சென்ற கிராமத்து ஆலயத்தைப் பற்றிச் சிலமுறை கூறியதுண்டு. முன்னே பாய் விரித்திருக்குமாம்; அது யாருக்கு என்று ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லையாம். எம் குடும்பத்தார் பின்புறத்தில், பாய் முடிந்த இடத்துக்கு அப்பால், தரையில் அமர்வராம். ‘தரை குளிர்ச்சியாக இருக்கும், நாங்கள் நன்றாகப் பாடுவோம்’ என்று சொல்லிப் பாட்டியார் சிரிப்பார். அச்சிரிப்பின் பொருள் எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. இன்று அப்பாயும் இல்லை; அத்தகைய விதியும் இல்லை. ஆனால் எந்தப் பெஞ்சு எந்தக் குடும்பத்தாரது என்பது இன்றும் ஊரார்க்குத் தெரியும். அறியாத என் நண்பரை எழுப்பியது அந்த அறிவுதான். மாலை ஆராதனைக்கு யான் கேட்கும் முதற் புதுமை அதனால் இசையிலன்று, இருக்கையில்.

இவ்வழியில் நமக்கு முன்னே நடந்தவர் உளர். மதுரைத் தமிழ்நாடு இறையியற் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியாப்பிலஸ் அப்பாவு ஐயர் (1940–2005) நாட்டுப்புற மெட்டுகளாலே ஒரு முழு ஆராதனை முறையை அமைத்தார். கிராமத்துப் பறையும் கும்மியும் அவர்க்கு இசைக்கருவியும் வடிவமும் மட்டுமல்ல. எவர் கை அப்பறையை முழக்கியதோ அவரை நடுவில் அமர்த்தும் வழியும் ஆயின. ஒரே உலையிற் சமைத்து ஒருங்கே உண்ணுதலை அவர் தம் போதனைக்கு உயிர்நிலையாகக் கொண்டார். கடல் கடந்து, பிரான்சு தேசத்துத் தெய்சே என்னும் சிற்றூரில், 1940-ஆம் ஆண்டில் ரோசே என்பார் வந்து தங்கித் தொடங்கிய துறவியர் குழுவின் மாலைச் செபத்துக்குப் பல நாட்டு வாலிபர் வருகின்றனர். அங்கே பெரும்பாலோர் தரையில் அமர்கின்றனர், சின்னஞ்சிறு பாட்டுகளைத் திரும்பத் திரும்பப் பாடுகின்றனர், நெடுநேரம் மௌனமாயிருக்கின்றனர். புதியவன் இரண்டாம் முறை கேட்டதும் உடன்பாடத் தொடங்கிவிடுகிறான். ஓரிடத்திற் பறை, ஓரிடத்தில் மௌனம். இரண்டிடத்தும் தரை ஒன்றே.

இனி, செய்யத்தக்கது யாதென்று சுருங்கக் கூறுகிறேன்.

ஞாயிறு மாலை ஆறரை மணிக்குக் கூடி ஏழரைக்குள் முடித்துவிடவேண்டும்; கடைசிப் பேருந்தைப் பிடிப்போரும் உளர். இடம் ஆலயத்தின் நடுக்கூடமாக இருத்தல் வேண்டா. தாழ்வாரமோ, வளாகத்து வேப்பமரத்தடியோ போதும். பாய்களை வட்டமாக விரித்து, குருவானவர் முதல் அன்று வந்த புதியவர் ஈறாக எல்லாரும் அவற்றில் அமர்க. முழங்கால் நோவுள்ள முதியோர்க்கு நாற்காலியிடுக; வேறெவர்க்கும் வேண்டா. வட்டத்துக்கு முன்வரிசை இல்லை, பின்வரிசையும் இல்லை.

பாட்டு மூன்று போதும். ஒன்று எல்லார்க்கும் பழகிய கீர்த்தனை. ஒன்று ஒருமுறை கேட்டவுடன் பாடக்கூடிய சிறு பல்லவி. ஒன்று நம் வாலிபரே இயற்றியது. இவ்வூரில் வாழ்ந்த கிறிஸ்தவராகிய ஆபிரகாம் பண்டிதர் 1912-ஆம் ஆண்டு முதல் தஞ்சையிலே இசை மாநாடுகள் கூட்டி, 1917-ஆம் ஆண்டிற் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டவர். அவர் ஊரில் வாழும் நாம் பிறர் பாட்டைக் கைப்பேசியிற் கேட்டுப் படியெடுப்பதோடு அமைதல் தகாது. ஆர்மோனியம் இருக்கட்டும், மிருதங்கம் இருக்கட்டும், பறையும் இருக்கட்டும். பாட்டின் வரிகள் எல்லார் கையிலும் இருத்தல் வேண்டும். எழுத்தறியாதார்க்கு ஒருவர் முன் சொல்லுக.

வேதபாடம் ஒன்றே, சிறியதாக. அதன்மேல் பத்து நிமிடத்துக்கு மேற்படாத உரை. அதன்பின் கேள்விகள். குளத்தில் தண்ணீர் வற்றியபோது ஜெபித்தோம், மழை வரவில்லையே என்று ஓர் உழவர் கேட்கலாம். கிறிஸ்தவனாகாமலே இயேசுவை நேசிக்கக் கூடாதா என்று ஒரு மாணவர் கேட்கலாம். எல்லாவற்றுக்கும் விடை கூறித் தீரவேண்டுவதில்லை. தெரியாது என்று ஒரு குருவானவர் சொல்லக் கேட்பது வாலிபர்க்கு எத்துணை ஆறுதல் என்பதை மூத்தோர் அறியார். பின்னர்ச் சிறிது நேரம் மௌனம். இறுதியில் ஆசீர்வாதம்.

காணிக்கைப் பை மாலையில் வேண்டா. வருகைப் புத்தகமும் வேண்டா. பெயரும் ஊரும் கேட்பதில் ஊரின் பின் வேறொரு கேள்வி ஒளிந்திருக்கும் என்பதை இந்நாட்டில் எல்லாரும் அறிவர். முடிந்தபின் சுண்டலோ கஞ்சியோ ஒரே பாத்திரத்திற் சமைத்து எல்லார்க்கும் அளிக்கவேண்டும். சமைப்போரை வாரந்தோறும் முறை வைத்து மாற்றவேண்டும். இது சிறு செலவு என்று நினையாதீர்கள். பெருஞ் சோதனை இதுவே. ஒருவர் பாட்டை இரசித்தல் எளிது; அவர் வீட்டார் சமைத்ததை உண்டு மகிழ்தலே இந்நாட்டில் அரிதாயிருந்து வந்தது.

ஆட்சேபங்கள் மூன்று எழும். காலை ஆராதனைக்கு ஆள் குறையும் என்பர் சிலர். மாலைக்கு வருவோரிற் பெரும்பாலோர் காலையில் வாராதவரே, இல்லாதவர் குறைவதெங்ஙனம்? மேலும், கீர்த்தனையை வெளியே கேட்டுப் பழகியோரே பின்னாளில் உள்ளே வந்து அதனைப் பாடினர். இது வேடிக்கையாக முடியும் என்பர் வேறு சிலர். அவ்வச்சம் நியாயமானதே. கூட்டத்தை வளர்ப்பதே நோக்கமானால் ஒலியும் ஒளியும் நாளுக்குநாள் மிகும். ஆகையால் ஒலிபெருக்கியை முதல் நாளே விலக்கிவிடுக. ஒருவர் குரல் எல்லார்க்கும் கேட்காத அளவுக்குக் கூட்டம் பெருகுமாயின், வேறொரு தெருவில் வேறொரு வட்டந் தொடங்குக.

மூன்றாம் ஆட்சேபம் சபைக்கு வெளியிலிருந்து வரும். வாலிபரையும் பிற சமயத்தாரையும் மதம் மாற்ற விரிக்கும் வலை இது என்று அயலார் ஐயுறலாம். இதனை யான் சினவாது கேட்கிறேன்; என் விடுதி நண்பரின் பெற்றோரும் அங்ஙனம் ஐயுறக் கூடியவர்களே. வருவோரை எண்ணிப் பட்டியலிடாமையும், மறுமுறை வரும்படி நெருக்காமையும், வெளிப்படையான தாழ்வாரத்தில் எல்லாரும் காண நடத்துதலுமே தக்க விடை. புதியவர் வந்தபடியே திரும்பிப் போகும் உரிமையுடையவர். அவ்வுரிமையை நாம் மனதார மதித்தாலன்றி அவரை விருந்தினர் என்று அழைக்கும் உரிமை நமக்கில்லை.

இம்முயற்சியை மூன்று மாதம் நடத்திப் பார்க்கலாம்: சம்பா நடவு முடிந்த நாள்முதல் அறுவடை வரைக்கும். அதன்பின் சபையார் கூடி இது தொடரவேண்டுமா என்று ஆராயட்டும். எத்தனை பேர் வந்தனர் என்பதை மட்டும் அப்போது கேளாதிருப்பார்களாக. ஒருமுறை வந்த புதியவர் மறுமுறை தாமாக வந்தாரா? காலையில் ஒருநாளும் வாய் திறவாத ஒருவர் மாலையிற் கேள்வி கேட்டாரா? இதுவரை ஒருங்கே உண்ணாத இரு தெருவார் ஒரே பாத்திரத்தினின்றும் உண்டனரா? இம்மூன்றனுள் ஒன்றேனும் நிகழ்ந்திருந்தால் நாற்று பிடித்துவிட்டது என்க. ஒன்றும் நிகழவில்லையாயின், மாலை ஆராதனையை நிறுத்திவிட்டு, அது ஏன் நிகழவில்லை என்பதைக் காலை ஆராதனையில் அறிக்கையிட்டு ஜெபிப்போம். அதுவும் ஆதாயமே.

நண்பர்காள்! நம்மை மூத்தோர் அழைக்கவில்லை என்று குறைகூறிக்கொண்டே இன்னும் ஓராண்டு போக்குதல் வேண்டா. விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும் நாம், அவரவர் சபைக் குருவானவரிடம் சென்று தாழ்வாரத்தையும் இரண்டு பாயையும் மட்டும் கேட்போம். பாயை விரிப்பவரும் சுருட்டுபவரும் நாமாகவே இருப்போம். மூத்தோர்காள்! எங்கள் பாட்டுத் தாளந் தவறினால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கேள்வி வரம்பு மீறினால் திருத்துங்கள். ஆனால் வந்து எங்களோடு அந்தப் பாயில் அமருங்கள்.

யான் முதலில் அழைக்கவிருப்பவர் இருவர். ஒருவர் என் விடுதி நண்பர். அவர் எங்கே அமர்ந்தாலும் எழுப்புவாரில்லை என்று இம்முறை உறுதி கூறி அழைப்பேன். மற்றவர் என் பாட்டியார். அவருக்கு முழங்கால் நோவு உண்டு. நாற்காலி போடுவதாகச் சொன்னேன். வேண்டாம், பாயிலேயே உட்காருகிறேன் என்றார்.